மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால் படிப்பு கெடுமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இந்த வருடம் வந்திருக்கிற டீச்சர், மாதத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கண்மாய், சந்தை, தபாலாபீஸ் என்று கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொல்கிறார். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிற பிள்ளைகள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் எப்போது படிப்பார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

23 ஜூன் 2024

நானும் டீச்சர்தான். சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் 24 பிள்ளைகள் என்னிடம், நாலும் அஞ்சும் தலைமையாசிரியரிடம். ஏழெட்டு வருடமாக வெளியே கூட்டிப்போகிறேன்.

படிப்பு கெடாது. ஆனால் ஒன்று, போவதற்கு முன்னால் என்ன கேள்வியோடு போகிறார்கள், வந்த பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்று டீச்சரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது காற்றாட நடந்துவிட்டு வருவதுதான். அதுவும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான் என்றாலும் அதைப் பாடம் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேன் பிடித்து நூறு கிலோமீட்டர் போய்ப் பூங்காவும் ராட்டினமும் பார்த்துவிட்டு, பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குத் திரும்புகிறார்களே, அந்தச் சுற்றுலா வீண். நடந்து போகிற தூரத்தில் இருப்பதே ஒரு வருடப் பாடத்துக்குப் போதும்.

24 ஜூன் 2024

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், நேற்று விட்டுப்போனது. ஒரு நீளக் கயிற்றில் 24 முடிச்சு போட்டு வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒரு முடிச்சு. முன்னால் நான், பின்னால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்கள் இரண்டு பேர். பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் கிளம்புவதில்லை. தண்ணீர் இருக்கிற இடத்துக்கு என்றால் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட வரவேண்டும். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. நானே ஒரு தடவை ஆள் வராததால் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன், பிள்ளைகள் அழுதார்கள், பரவாயில்லை.

7 ஜூலை 2024

இந்த வருடத்தின் முதல் நடை எங்கள் ஊர்க் கண்மாய்க்கு. பள்ளியிலிருந்து பத்து நிமிடம். வெயில் காலம் முடிகிற நேரம், சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்வாய் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? அதை எப்படி அளப்பது என்று அவர்களையே யோசிக்க விட்டேன். ஒருத்தி குடம் குடமாக ஊற்றிப் பார்க்கலாம் என்றாள். இன்னொருவன் அவன் ஐயா வீட்டில் வைத்திருக்கிற படியால் அளக்கலாம் என்றான். கடைசியில் படித்துறையின் படிகளை எண்ணுவது என்று முடிவானது. மேலிருந்து அடிவரை 11 படி, பதினொன்றும் காய்ந்து கிடந்தன. ஒவ்வொரு படியிலும் சாக்பீஸால் எண் எழுதிவிட்டு வந்தோம்.

கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுகிற நீர்ப்பாய்ச்சியாக இருக்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தேன். கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கண்மாய் நிறைந்து மீதித் தண்ணீர் கலுங்கில் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு என்று அவர் கையை வீசிக் காட்டியபோது ஒரு பிள்ளை "கடைசி ஊருக்கு யாரு தண்ணி விடுவா?" என்று கேட்டது. பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "மழதான்த்தா விடணும்" என்றார்.

வகுப்புக்கு வந்ததும் கலுங்கு, மடை, கரை மூன்றும் அன்றைய வாசிப்புச் சொற்கள். கம்பிப் பந்தலில் படங்கள் தொங்கின. என் வகுப்பில் இன்னும் கம்பி கட்டித்தான் பிள்ளைகள் வரைந்ததைத் தொங்க விடுகிறேன், அது செயல்வழிக் கற்றல் காலத்துப் பழக்கம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்ததே, அது. அந்தப் பாட அட்டைகளும் கற்றல் ஏணிப்படியும் போய்விட்டன. பாயில் உட்காருவது, பிள்ளையின் கைக்கு எட்டுகிற கரும்பலகை, கம்பிப் பந்தல் இந்த மூன்றையும் நான் விடவில்லை.

8 ஜூலை 2024

எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குக் கண்மாயால் என்ன லாபம் என்று திரும்பவும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

2022 ஜூனிலிருந்து அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியைச் செய்கிறார்கள். என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இன்னும் அரும்பு. போன வாரம் கண்மாய்க்குப் போனபோது கயிற்றில் ஒரு முடிச்சு காலி. திரும்பிப் பார்த்தால் இவன் கரையோரப் புளியமரத்தடியில் குப்புறப் படுத்துக் குழியானைப் பூச்சியின் குழிக்குள் எறும்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. அன்று தண்ணீர் இல்லாததால் தப்பித்தோம். முடிச்சை விட்டு வரக்கூடாது என்று கண்டித்துவிட்டு, அப்புறம் எல்லாரையும் உட்காரவைத்து அவனையே சொல்லச் சொன்னேன். மணலைப் புனல் மாதிரிச் சரித்து வைத்துவிட்டு அடியில் பூச்சி காத்திருக்கிறது, எறும்பு ஏற ஏற மணல் சரிகிறது, பூச்சியும் மண்ணை வாரி வீசுகிறது, எறும்பு மேலே வரவே முடியாது. அத்தனையும் சொன்னான்.

இதோடு அவன் கடகடவென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுநாள் கு என்ற எழுத்தைக் காட்டினால் அதே திணறல். வாசிப்பு தினமும் அவனோடு உட்கார்ந்து எழுத்தைச் சேர்த்துச் சொல்லவைத்தால்தான் வரும், அதைக் கண்மாய் செய்துதராது. ஆனால் அவனோடு உட்காரும்போது இனிமேல் எந்தச் சொல்லை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

11 ஆகஸ்ட் 2024

சந்தை. ஆளுக்கு இருபது ரூபாய், பள்ளி மேலாண்மைக் குழு கொடுத்தது. இரண்டு காய் வாங்கவேண்டும், விலையை எழுதவேண்டும், மீதியைக் கொண்டுவரவேண்டும். மூன்று இலக்கக் கழித்தலை நோட்டில் போடுகிற பிள்ளைகளுக்கு இருபதிலிருந்து கழிப்பது ஊதித்தள்ளுகிற வேலை என்று நினைத்துக் கூட்டிப்போனேன்.

ஒரு கணக்கும் நேராகவில்லை! பிள்ளைகளைப் பார்த்ததும் காய்க்காரம்மாக்களுக்குப் பாசம் பொங்கிவிட்டது. கால் கிலோ வெண்டைக்காய் கேட்டவனுக்கு அரைக்கிலோ போட்டார்கள். பத்து ரூபாய்க் காய்க்கு அஞ்சு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஒரு சின்னவளுக்குக் காசே வாங்காமல் ஒரு கொய்யாவும் கொடுத்து, கன்னத்தைக் கிள்ளி அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் வந்து கணக்குப் போட்டால் ஒருத்தியிடம் இருபது ரூபாய் அப்படியே இருக்கிறது, பையில் காயும் இருக்கிறது. "அப்ப நான் எத்தன ரூபாய் கழிக்கணும் டீச்சர்?" என்றாள்.

கொசுறை எந்தக் கழித்தலில் எழுதுவது?

12 ஆகஸ்ட் 2024

இரவெல்லாம் யோசித்துவிட்டு இன்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன். கடைக்காரர் சொன்ன விலை, நான் கொடுத்த காசு, கொசுறு. முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது. பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது. யாருக்கு அதிகக் கொசுறு என்று ஏறுவரிசையில் வேறு எழுதிவிட்டார்கள், அது நான் சொல்லாமலே. கொசுறு கொடுத்த அம்மாக்களின் படத்தை வரைந்து அடுத்த சந்தையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு.

வாங்கிய காய் என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். சத்துணவுக்கூடத்தில் கொடுத்தோம், மறுநாள் சாம்பார்.

20 ஆகஸ்ட் 2024

அன்றைக்கு அந்தப் பையன் சொன்னானே, ஐயா வீட்டுப் படி, அது வகுப்புக்கே வந்துவிட்டது, ஒரு உழக்கோடு சேர்த்து. நாலு உழக்கு ஒரு படி என்று மணலை அளந்து பார்த்தோம். கால், அரை, முக்கால் மூன்றையும் கையில் பிடித்துப் பார்த்தாயிற்று. அப்புறம் லிட்டர் குவளையையும் பக்கத்தில் வைத்தோம். உழக்கை யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒன்றாம் வகுப்புக்காரி கேட்டாள். அவளுடைய அப்பத்தாவைக் கேட்டுவரச் சொன்னேன். அப்பத்தாவின் பதில்: "எங்க அம்மா."

8 செப்டம்பர் 2024

தபாலாபீஸ். ஊரில் கிளை அஞ்சலகம் இருப்பதால் நடந்தே போனோம். ஆளுக்கு ஒரு ஐம்பது பைசா அஞ்சல் அட்டை. அவரவர் வீட்டுக்கே கடிதம். ஒருவன் முகவரி என்ற இடத்தில் "அம்மா, வீடு" என்று எழுதியிருந்தான். அதை அப்படியே எடுத்து, இந்த அட்டை யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டேன். அம்மா எல்லார் வீட்டிலும் இருக்கிறாரே! பெயர், தெரு, ஊர் எல்லாம் எதற்கு என்று அங்கேயே புரிந்துபோனது. அஞ்சல் எண்ணில் முதல் இலக்கம் 6 என்றால் நம் பக்கம், தமிழ்நாடும் கேரளாவும் புதுச்சேரியும் சேர்ந்தது, அடுத்தடுத்த இலக்கங்கள் கிட்டக் கிட்டக் கொண்டுவந்து கடைசி மூன்றும் ஒரு தபாலாபீஸில் நிறுத்தும் என்று அங்கிருந்த தபால்காரர் பொறுமையாகச் சொன்னார். இந்த எண் 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. அதற்கு முன்னால் ஒரே பேரில் இரண்டு ஊர் இருந்தால் கடிதம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்கே திருப்பத்தூர், இன்னொரு திருப்பத்தூர் என்று எத்தனை குழப்பம்.

நான் யோசிக்காமல் போன விஷயம் ஒன்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அட்டையைத் தபால்காரரிடம் நீட்டி "இது மலேசியாவுக்கு" என்றாள். அப்பா அங்கே வேலை பார்க்கிறார். இந்த அட்டை கடல் தாண்டாது என்று அவர் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊர். வீட்டுக்குக் கடிதம் என்று சொல்லும்போதே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

14 செப்டம்பர் 2024

அட்டைகள் மூன்றாம் நாளே வந்துவிட்டன. மலேசியாவுக்கு எழுதியவள் அதையே அப்பத்தாவுக்கு மாற்றி எழுதினாள். அப்பத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. தபால்காரர் வீட்டு வாசலில் கொடுக்க, இவளே வாங்கி இவளே வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதை அப்பாவுக்கு வீடியோ காலில் இன்னொரு தடவை வாசித்தாளாம். ஒரே அட்டையை வீட்டில் எட்டுத் தடவை வாசித்திருப்பாள் என்று அவள் அம்மா சொன்னார். பாடநூலில் ஒரு பத்தியை எட்டுத் தடவை வாசிக்க வைக்க நான் படுகிற பாட்டை நினைத்தேன்.

இனிமேல் வெளிநாட்டுக்குத் தனியாகக் காசு சேர்த்து உறை வாங்கிவிடுவேன்.

20 அக்டோபர் 2024

கண்மாய்க்கு இரண்டாவது நடை. ஜூலையில் சாக்பீஸால் எண் எழுதினோம் என்றேன் அல்லவா? முதல் மழைக்கே கரைந்துபோய்விட்டது. இதைக்கூட யோசிக்கவில்லை. பிள்ளைகள்தான் அதைச் சரிசெய்தார்கள்: மேலிருந்து காய்ந்த படியை மட்டும் எண்ணினால் போதுமே, எண் எதற்கு? 7 படி காய்ந்திருந்தது. அப்படியென்றால் 4 படி தண்ணீர். வகுப்பில் காலித் தீப்பெட்டிகளை அடுக்கிப் பட்டை வரைபடம் செய்தோம். ஜூலைக்கு ஒன்றுமில்லை, அக்டோபருக்கு நாலு தீப்பெட்டி. ஜூலையின் இடத்தை வெறுமையாக விடவேண்டும், அங்கே ஒரு பெட்டியைக்கூட வைக்கக்கூடாது என்று சொன்னதும் ஒன்றாம் வகுப்புக்காரர்களுக்குக்கூடச் சுழியம் விளங்கிவிட்டது.

3 நவம்பர் 2024

தீபாவளிக்கு முந்தின வாரம் கொள்ளுக்குடிப்பட்டி கதையைச் சொன்னேன். எங்களுக்குப் பக்கம்தான். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்கள் அந்த ஊரில்தான் இருக்கின்றன. வந்து தங்குகிற பறவைகள் மிரண்டுவிடும் என்று அங்கே தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எங்கள் பிள்ளைகளில் அஞ்சு பேர் இந்தத் தடவை வெடி வேண்டாம், மத்தாப்பு போதும் என்று இருந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வெடித்தார்கள். வெடித்தவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை, வருடத்துக்கு ஒரு நாள் காத்திருந்த பிள்ளைகள். "நம்ம கண்மாயில கொக்கு இருக்கே, அது மிரளாதா?" என்று அந்த அஞ்சு பேரில் ஒருத்திதான் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

5 ஜனவரி 2025

வேட்டங்குடிக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தோம். 1977இல் சரணாலயமாக அறிவித்தது, 38 ஹெக்டேர் சொச்சம், மூன்று கண்மாய். கருவேல மரமெல்லாம் பறவைக் கூடு.

போவதற்கு முந்தின நாளே வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்தேன். அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் புளியங்கொட்டை, நத்தை ஓடு, வெட்டிய நூல் எல்லாம் போட்டு, கரண்டி, இடுக்கி, வளைந்த கொக்கி மூன்றையும் கொடுத்தேன். எதை எதால் எடுக்க முடிகிறது? அரைமணி நேரம் தரையெல்லாம் தண்ணீர். மறுநாள் அங்கே போய்க் கரண்டிவாயனைப் பார்த்ததும் "நம்ம கரண்டி டீச்சர்!" என்று கத்தினார்கள், கத்தாதீர்கள் என்று நான் கத்தினேன். நத்தை குத்தி நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். வயலில் நத்தை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஏன் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. வளைந்த மூக்கு அரிவாள் மூக்கனுடையது. கொக்கியால் சேற்றுக்குள் துழாவியவள்தான் அதை முதலில் கண்டுபிடித்தாள்.

எங்கள் கண்மாய் அந்த வாரம் 2 படிதான் காய்ந்திருந்தது. ஒன்பது தீப்பெட்டி.

26 ஜனவரி 2025

ஜூனில் எழுதியதைத் திருத்தவேண்டும். தூரம் போகிற சுற்றுலா வீண் என்று சொல்லியிருந்தேன். தலைமையாசிரியர் பிடிவாதமாக ஏற்பாடு செய்து எல்லாப் பிள்ளைகளையும் வேனில் கீழடிக்குக் கூட்டிப்போனார். எனக்கு மனமில்லை. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், அது நான் சொன்னபடியே நடந்தது.

2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். உறைகிணறு, ஆதன் என்று கீறிய பானை ஓடு எல்லாம் நான் முன்கூட்டியே பாடமாகச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் அவற்றை மரியாதைக்குப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நின்றது எங்கே தெரியுமா? சுடுமண் வட்டச் சில்லுகள். உடைந்த பானை ஓட்டை உரசி உரசி வட்டமாக்கியது. என் பிள்ளைகள் இடைவேளையில் பாண்டி விளையாட ஓட்டுச்சில்லை இதே மாதிரிதான் சிமெண்டுத் திண்ணையில் உரசுவார்கள். ஒருத்தி பாவாடைப் பையிலிருந்து தன் சில்லை எடுத்துக் கண்ணாடிக்கு மேல் வைத்து அளவு பார்த்தாள். அங்கே வேலை பார்க்கிற அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டார், தொடாதே என்று சொல்லாமல் குனிந்து "உன்னோடது கொஞ்சம் பெருசு" என்றார். இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய சில்லு அது.

பக்கத்தில் இருப்பதே போதும் என்று நான் சொன்னது பாதி சரி. பக்கத்தில் இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு தூரம் போகலாம். சில்லு விளையாடாத பிள்ளைக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியில் ஓடுதான் தெரியும்.

2 மார்ச் 2025

நடுவில் எழுத நேரமில்லை. மடை திறந்து கதிருக்குத் தண்ணீர் போய்விட்டது, அறுப்பும் முடிந்தது. போன வாரம் 8 படி காய்ந்திருந்தது. தீப்பெட்டி வரிசை ஏறி இறங்கி ஒரு மலை மாதிரி நிற்கிறது. யாரும் தட்டிவிடாமல் இருக்க அதைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறார்கள்.

குழியானைப் பையன் மொட்டுக்கு வந்திருக்கிறான். தினமும் காலைச் சிற்றுண்டி முடிந்து பதினைந்து நிமிடம், ஜூலையிலிருந்து. குழி, புழு, எறும்பு, கரை என்று ஆரம்பித்தோம். நடுவில் நவம்பரில் இரண்டு வாரம் ஒரு அசைவும் இல்லை, நான் சோர்ந்துபோய் அவனிடம் குரலை உயர்த்திவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

23 மார்ச் 2025

வியாழக்கிழமை வகுப்பில் ஒன்பதே பேர். கண்மாயில் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஊத்தாக் கூடை, கச்சா, வலையோடு இறங்கியிருக்கிறார்கள். வந்த ஒன்பது பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் பாடத்தை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தார்கள், வகுப்பே மீன் வாடை. யார் வீட்டில் என்ன மீன், எதால் பிடித்தது என்று அட்டவணை போட்டோம். விரால் 6, கெளுத்தி 11, கெண்டை 19, ஜிலேபி எண்ணவே முடியாது என்று எழுதிவைத்தார்கள். ஊத்தாவில் அடிபக்கம் அகலம், மேல்பக்கம் குறுகலாக ஏன் இருக்கிறது என்று கேட்டதற்கு, குழியானைக் குழியைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி என்று அவன்தான் சொன்னான். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான்: "எங்க ஐயா ஊத்தால விராள் புடிச்சாங்க." விராலுக்கு ல் என்று திருத்திக் கொடுத்தேன். மற்றதைத் தொடவில்லை.

நாளைக்குப் படித்துறைக்குப் போகிறோம். கலக்கிய சேற்றில் அடிப்படிகள் தெரியுமோ தெரியாதோ, கயிற்றை மட்டும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.